நாலு ஜோடி பல்பு

ஒன்றரை வருடத்தில் நாலு ஜோடி பல்பு வாங்கினேன். நாலுமே நல்ல பல்புகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்றரை வருடமும் நான் அவற்றைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பல்பு செய்தவன், விற்றவன், மாட்டியவன், எதிரே வண்டியில் வந்தவன் என்று ஒருத்தனையும் விடவில்லை. திட்டு வாங்க வேண்டியவன் என்னவோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வெள்ளை டீசல் கார். பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பக்கம் எங்கள் ஊர். ஊர் வேறு, எங்கள் காலனி வேறு. நடுவில் ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு சிறிய பாலம். அந்தப் பாலத்தைத் தாண்டி உள்ளே வர ஊர்க்காரர்களின் வண்டிகள் எப்போதும் யோசிக்கும். டயர் பஞ்சர் என்பார்கள், டீசல் இல்லை என்பார்கள், டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறான் என்பார்கள். கூப்பிடப் போனவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் கிடைக்கும். என் தங்கைக்கு வலி கண்ட அன்று எனக்கு மூன்றுமே கிடைத்தன. அவளை டிராக்டரில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். அவள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் நான் அந்தக் காரை வாங்கினேன்.

இப்போது ஆம்புலன்ஸ் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. அது கொண்டுபோய் விடும். திரும்பக் கூட்டிக்கொண்டு வராது. தையல் போட்ட வயிற்றோடு, கையில் மூன்று நாள் பிள்ளையோடு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற வேதனை எங்கள் காலனிப் பெண்களுக்குத்தான் தெரியும். அதனால் எனக்குப் போன் வரும். பதினோரு வருடத்தில் எங்கள் காலனியில் பிறந்த பிள்ளைகளில் பாதி என் பின்சீட்டில்தான் வீட்டுக்கு வந்தன. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். டீக்கடையிலும் சொல்வேன், கல்யாண வீட்டிலும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

பல்பு விவகாரம் ஒரு தை மாதத்தில் ஆரம்பித்தது.

அறுவடை நாளில் எங்கள் பக்கத்துத் தார்ச்சாலையில் பாதிதான் சாலை. மறு பாதியில் நெல் காயும். வண்டி மேலே ஏறிவிடாமலிருக்க நெல்லின் ஓரமாக வரிசையாகக் கல் வைப்பார்கள். செங்கல், கருங்கல், பனங்கட்டை, உடைந்த சிமெண்ட் தூண் என்று கையில் எது கிடைக்கிறதோ அது. சாயங்காலம் நெல்லை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். நெல்லை எடுத்தாலும் கல்லை எடுக்க மாட்டார்கள். நாளைக்கு மறுபடியும் காய வைக்கணுமே என்பார்கள். அந்த நாளை என்பது சித்திரை வரைக்கும் போகும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் இந்தக் கல் பழக்கம்தான். கல்லுக்குக் கல் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து ஓட்டுவோம். வெளியூர் டிரைவர்கள்தான் திட்டிக்கொண்டே போவார்கள்.

அன்று செங்கல்பட்டிலிருந்து ஒரு தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கிய நேரம். இடதுபக்கச் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறி இறங்கி, நெல்லுக்குள் புகுந்து, நாலு ஆள் நீளத்துக்கு உழுதுகொண்டு போய் நின்றது. பின்சீட்டில் பிள்ளை வீறிட்டது. நெல்லுக்குச் சொந்தக்காரர் ஊர்த்தெருவில் ஓர் இளவட்டம். என் வயதில் பாதிதான் இருக்கும். தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

“இன்னாப்பா, கண்ணு தெரிலயா உனுக்கு? நெல்லு மேல வுட்டுக்கினு வர?”

“லைட்டு டல்லுங்க” என்றேன்.

வாயில் வந்தது அதுதான். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை. அந்தக் கல்லை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை என்றுதானே அர்த்தம். அவரும் காரின் முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். மஞ்சள் பிடித்த கண்ணாடிக்குள் இரண்டு பல்பும் அழுதுகொண்டிருந்தன. “மாத்துப்பா மொதல்ல” என்று சொல்லிவிட்டு நெல்லை வாரப் போனார். ஒரு கேள்வி அங்கேயே முடிந்துபோனது. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பின்னால் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிற ஒருவன் இருந்தான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், பேச்சு குறைவு, வேலை சுத்தம். முதல் ஜோடியை அவன்தான் போட்டான். கம்பெனி எந்த அளவு போட்டிருந்ததோ அதே வாட், புதுப் பல்பு. பல்பின் கண்ணாடியைக் கையால் தொடமாட்டான். விரல் எண்ணெய் பட்டால் சூட்டில் வெடித்துவிடும் என்று துணியால் பிடித்து மாட்டினான். லைட்டின் வெளிக் கண்ணாடியில் பற்பசையைத் தடவி, பழைய பனியனால் அரைமணி நேரம் தேய்த்தான். மஞ்சள் போய்ப் பளிச்சென்று ஆயிற்று. நாலு நாள் நல்ல வெளிச்சம் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஐந்தாம் நாள் பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று என் இடதுபக்க சைடு மிரரை உரசிக்கொண்டு எங்கிருந்தோ முளைத்தது. அவனைத் திட்டிவிட்டு, பல்பையும் சேர்த்துத் திட்டினேன்.

இரண்டாவது ஜோடி நூறு வாட். பழைய வயர் தாங்காது, உருகிவிடும் என்று வயரிங்காரன் தயங்கினான். நான் விடவில்லை. தனியாக ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து மாட்டிக் கொடுத்தான். போட்டுப் பார்த்தபோது எதிர்க்கடைக்காரர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிலிருந்து எதிரே பைக்கில் வருகிறவர்கள் எல்லாம் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். டிம் பண்ணுய்யா என்பார்கள், இன்னும் காது கொடுத்துக் கேட்க முடியாததெல்லாம் சொல்வார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவேன். எனக்கு அந்த வெளிச்சமும் போதவில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணைப் பறிக்கிறது என்று ஊரே சொல்கிறது, ஒருத்தனுக்கு மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால், கோளாறு எங்கே என்று ஒரு சின்னப் பிள்ளை சொல்லியிருக்கும். எனக்கு உறைக்கவில்லை. உறைக்க நான் விடவில்லை என்பதுதான் சரி.

என் கண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு திமிர் இருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பேன், மருந்துச் சீட்டின் ஓரத்தில் இருக்கிற பொடி எழுத்தும் படிப்பேன். என் மனைவிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதே நான்தான். நேராக இருப்பதெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை என்பது எப்படித் தெரியும்? தெரியாதது தெரியவில்லை என்று கண் வந்து சொல்லவா போகிறது? லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது மெடிக்கல் சர்டிஃபிகேட்டுக்காக ஒரு டாக்டரிடம் நிறுத்தினார்கள். கண்ணு நல்லா தெரியுதில்ல என்று கேட்டார். தெரியுதுங்க என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதைவிடக் கேவலம் ஒன்றிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை உத்திரமேரூரில் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடக்கும். எங்கள் காலனிக் கிழவன் கிழவிகளை அதற்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான்தான். புரை விழுந்தவர்களைக் கைபிடித்து இறக்கி, வரிசையில் உட்கார வைத்துவிட்டு, வெளியே புளியமரத்தடியில் டீ குடித்துக்கொண்டு நிற்பேன். ஒருதடவை மேசையில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து, “அண்ணா, சும்மாதானே நிக்கிறீங்க, நீங்களும் காட்டிட்டுப் போங்க, அஞ்சு நிமிஷம்தான்” என்றாள்.

“நான் டிரைவரும்மா” என்றேன்.

அந்தப் பதிலில் என்ன அர்த்தம் இருந்தது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது. சிரித்துக்கொண்டே குனிந்து எழுதப் போய்விட்டாள்.

மூன்றாவது ஜோடி எல்இடி. பின்னால் சின்ன ஃபேன் வைத்தது, பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். எனக்குத் தெரிந்த டிரைவர்கள் இரண்டு பேர் போட்டிருந்தார்கள். நம்மது மாதிரி பழைய வண்டிக்கு இது சரிப்படாது, வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், ரோட்டில் விழாது என்று வயரிங்காரன் சொன்னான். சிதறட்டும், பக்கத்திலும் கொஞ்சம் விழட்டும் என்றேன். எனக்குப் பக்கம்தானே வேண்டியிருந்தது. என்னை அறியாமலே சரியான மருந்தைத் தப்பான கடையில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் அந்த வெள்ளை வெளிச்சம் வெறும் திரையாக முன்னால் நின்றது. ஒரு சாயங்காலம் எருமை ஒன்றின் முதுகை சைடு மிரரால் தடவிவிட்டு, அதே கோபத்தோடு வண்டியை அவன் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அவன் பானட்டைத் தூக்கினான். மீட்டர் வைத்து இரண்டு பல்புக்கும் கரண்ட் சரியாக வருகிறதா என்று பார்த்தான். பிறகு காரைக் கடைக்கு எதிரே இருந்த பழைய அரிசி மில்லின் சுவரைப் பார்த்து நிறுத்தச் சொன்னான். நன்றாக இருட்டியிருந்தது. லைட்டைப் போட்டுவிட்டு என்னை டிரைவர் சீட்டிலேயே உட்காரச் சொல்லி, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“செவுத்துல இன்னா எய்திக்கீது, படி.”

“இங்கே சிறுநீர் கழிக்காதீர்கள்” என்று படித்தேன். கிண்டல் செய்கிறானோ என்று கோபம் வந்தது.

“சரி. அப்டியே அதையே பாத்துக்கினு இரு. தலைய திருப்பாத. எடது பக்கம் ஓரமா இன்னா கீது?”

“ஒண்ணும் இல்ல. இருட்டுதான்.”

“வலது பக்கம்?”

“அதுவும் இருட்டுதான். அத்தத்தானே நானும் சொல்லிக்கினு கீறேன். பக்கத்துல வெளிச்சமே வுய மாட்டங்குது.”

“இப்ப திரும்பிப் பாரு.”

திரும்பினேன். இடதுபக்கம் மூன்று ஆடுகளைக் கட்டிவைத்துக்கொண்டு ஒரு ஆள் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ஆடுகளின் கண்கள் பளபளவென்று மின்னின. வலதுபக்கம் மில்லின் இரும்புக் கதவு, அதன் மேல் ஒட்டிய போஸ்டர், அதிலிருந்த முகம் வரைக்கும் தெரிந்தது. எல்லாமே என் காரின் வெளிச்சத்தில்தான் இருந்தன.

“எனுக்கு ரெண்டு பக்கமும் திரும்பாமலே தெரிது. லைட்டு கரெக்டா கீதுண்ணா. நீ ஒருதபா கண்ண காட்டிக்கினு வந்துடு. பல்ப அப்பறமா பாத்துக்கலாம்” என்றான்.

குரலில் கேலியில்லை. பயந்து பயந்துதான் சொன்னான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். பல்பு மாட்டத் தெரியாதவனெல்லாம் டாக்டர் வேலை பார்க்கிறான் என்று பக்கத்துக் கடைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அப்புறம் நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பின்னால் போக வேண்டியிருந்தாலும் சுற்றிக்கொண்டு போனேன். ஒருத்தன் உண்மையைச் சொல்லிவிட்டால் அவன் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு பேஜாரான காரியம்.

நாலாவது ஜோடியைக் காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய கடையில் வாங்கினேன். குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, உட்காரச் சோபா. கடைக்காரர் நான் சொன்னதை முழுதும் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெள்ளை பல்பு நம்ம ரோட்டுக்கு ஆகாது சார், பனிக்கும் மழைக்கும் மஞ்சள்தான் சார், இதைப் போட்டால் ராஜா மாதிரி போகலாம் சார் என்றார். என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனுஷன். கழுதை நான், அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வைகாசியில் என் மனைவியின் தங்கை வீட்டில் காதுகுத்து. அவர்கள் ஐயங்கார்குளத்தில் இருக்கிறார்கள். முடித்துக்கொண்டு நானும் மனைவியும் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் பட்டுப் புடவையில் முன்சீட்டில் இருந்தாள். எங்கள் ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது இருட்டிவிட்டது. மறுபடியும் அறுவடை, மறுபடியும் சாலையில் நெல். மஞ்சள் வெளிச்சம் முன்னால் நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. நான் அவளிடம் அந்தப் பல்பின் பெருமையைத்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

திடீரென்று அவள் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தாள். கார் கத்திக்கொண்டு பின்பக்கம் ஒதுங்கி நின்றது.

அவளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் தலையைத் திருப்பிய பிறகுதான் பார்த்தேன். இடதுபக்கச் சக்கரத்துக்கு ஒரு முழத்தில், கல்வரிசைக்கும் நெல்குவியலுக்கும் நடுவே, தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு ஆள் படுத்திருந்தான். ஊர்க்காரரின் நெல்லுக்குக் காவல் படுத்தவன். எங்கள் காலனிக்காரன்தான். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரியிலிருந்து என் காரில்தான் வந்தன. எழுந்து வந்து ஜன்னலில் குனிந்து பார்த்தான். 

“நீயாண்ணா. ஒண்ணும் ஆவல, நீ போ” என்றான். என் மனைவியைப் பார்த்து, “நீ கூட கீறியா அண்ணி, அப்ப செரி” என்றான்.

அப்போது அந்த ‘அப்ப செரி’யை நான் கவனிக்கவில்லை. என் மனைவி சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தி, அதை உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எறங்குயா. நடந்து போலாம்.”

“வண்டி?”

“வண்டி இங்கயே கெடக்கட்டும். காலைல ஆளு வுட்டு எடுத்துக்கலாம். நீ இனிமே தொடாத.”

ஒரு மைல் நடந்தோம். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.  திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், கொஞ்சம் லேசாகியிருக்கும். காலையில் நாஷ்டா கூடச் செய்யாமல் என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் காஞ்சிபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு இருட்டறையில் ஒரு மெஷின். வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணைக் கட்டிவிட்டார்கள். நடுவில் இருக்கிற புள்ளியையே பார்த்துக்கொண்டிருங்கள், சுற்றிலும் எங்கே சின்ன வெளிச்சம் வந்தாலும் கையிலிருக்கிற பட்டனை அழுத்துங்கள் என்று அங்கே வேலை பார்க்கிற பெண் சொன்னாள். அழுத்தத் தயாராக உட்கார்ந்திருந்தேன். எப்போதோ ஒன்று வந்தது, அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் மட்டும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று வந்தது. மறுபடியும் ஒன்றுமில்லை.

“பாப்பா, இதுல பல்பு வீக்கா கீதுமா. மாத்தணும் போல” என்றேன்.

“புள்ளியையே பாருங்க சார்” என்றாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு, “மெதுவா எழுந்திருங்க சார்” என்றாள். 

டாக்டரம்மா ஒரு காகிதத்தைக் காட்டினார். இரண்டு வட்டங்கள். நடுவில் ஒரு வெள்ளைத் துளை, சுற்றிலும் கறுப்பு. கண்ணுக்குள் நீர் அழுத்தம் அதிகமாகி நரம்பு செத்துக்கொண்டு வந்திருக்கிறது, வலிக்காது, தெரியாது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும் என்றார். போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து தருகிறேன், ஒருநாள் கூட விடக்கூடாது, வண்டி ஓட்டவே கூடாது என்றார்.

“ஒண்ணர வருஷத்துக்கு மின்ன வந்திருந்தா?” என்று என் மனைவி கேட்டாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இவ்வளவு போயிருக்காது” என்றார்.

ஒன்றரை வருடம். பல்பைத் துணியால் பிடித்துக் கவனமாக மாட்டிய ஒன்றரை வருடம். கண் முகாமின் வாசலில் டீ குடித்த ஒன்றரை வருடம்.

ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்ட கார் வீட்டு முன்னால் நின்றது. போன் வந்தால் மனைவி எடுத்து, அவருக்கு முடியலம்மா என்று சொல்லி வைத்துவிடுவாள். ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். மூன்று பிள்ளைகளுக்கும் என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள், பாவம்.

“கவலப்படாதண்ணா. ஓட்டுன வரிக்கும் ஒண்ணும் ஆவலியே. நாங்க பாத்துக்கினுதானே இருந்தோம்” என்றாள்.

“இன்னா பாத்துக்கினு இருந்தீங்க?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. சொன்னாள். என் வண்டியில் ஏறினால் முன்சீட்டில் ஒருத்தர் தூங்காமல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்று அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்களாம். யார் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் எனக்குப் போன் செய்வார்களாம். ஒரு வருடத்துக்கு மேலாகக் காலனி முழுக்க அதுதான் பழக்கமாம்.

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அண்ணா, கல்லு. அண்ணா, மாடு. அண்ணா, சைக்கிள் வருது. வண்டி கிளம்பினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவார்கள். நான் எரிந்து விழுவேன். எனக்குத் தெரியாதா, நீ ஓட்டுறியா வண்டிய என்பேன். ஒருதடவை ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் என் வண்டியில் ஏறியபோது, முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் கண்ணசந்துவிட்டாள். பின்சீட்டில் வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண், இரண்டு வலிக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, “அண்ணா, கல்லு” என்றாள். நான் அவளையும் திட்டினேன். அந்தப் பெண் இப்போது என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“தெரிஞ்சிக்கினே ஏன் ஒருத்தரும் சொல்லல? என் கண்ணு போச்சே” என்று கேட்டேன்.



“சொன்னா நீ வண்டிய நிறுத்திடுவியேண்ணா. அப்பறம் நாங்க யார கூப்புடுறது?”

அவள் போன பிறகு ரொம்ப நேரம் கத்திக்கொண்டிருந்தேன். நன்றிகெட்ட ஜனங்கள், என் கண்ணைவிட அவர்களுக்குக் கார் பெரிதாகிவிட்டது என்றேன். உனக்கும் தெரியுமா என்று மனைவியைக் கேட்டேன். “ஊசில நூல் கோத்துக் குடுத்துக்கினு இருந்தியே, உன்கிட்ட எப்டி சொல்றது? ரெண்டு தபா சொன்னேன். பல்பு மாத்துறேன்னு கெளம்பிட்ட” என்றாள். சொன்னாள்தான். காருக்காகச் சும்மா இருந்தவர்களை நான் எப்படித் திட்டுவது? ஊர்க்காரர்களின் பஞ்சரான டயர்களை நம்பிப் பிள்ளையைப் பறிகொடுத்தது என் தங்கைதானே. அதே பயம்தான் அவர்களுக்கும். கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்காமல் போய்விட்டார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

காலனியில் வேறு யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளட்டும் என்று ஆவணி வரை வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. இருக்கிற பையன்களெல்லாம் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருகிறார்கள். பேட்டரி இறங்கத் தொடங்கியது. விற்கிறேன் என்று சொன்னதும் முதலில் வந்தவர், நான் உழுதுவிட்டுப் போன நெல்லுக்குச் சொந்தக்காரரான அந்த ஊர்த்தெரு இளவட்டம்தான். கழனிக்கு உரமூட்டை ஏற்றிப் போக ஒரு பழைய வண்டி வேண்டுமாம்.

சாயங்காலம் ஓட்டிப் பார்க்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பேட்டரி இறங்கிய வண்டியை நாலு பேர் அதுவரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பிக் கொடுத்தார்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் அந்தக் காரில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உத்திரமேரூர் ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பினோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. லைட்டைப் போட்டார். போட்டதும் விசிலடித்தார்.

“இன்னாப்பா பல்பு போட்டுக்கீற? பகலாட்டம் கீது. அங்க மரத்தாண்ட ஒருத்தன் மூத்தரம் பேஞ்சிக்கினு கீறான், அது கூட தெரிது. அன்னிக்கி என் நெல்லு மேல ஏத்திட்டு லைட்டு டல்லுன்னியே.”

“அது வேற பல்புங்க” என்றேன்.

எனக்கு முன்னால் ஒரு குடம் வாயளவுக்கு மஞ்சளாகச் சாலை தெரிந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தவன் செய்ய வேண்டிய வேலை என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். கல் வந்தால் சொல்வதற்காக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஸ்டியரிங்கை மூன்று தடவை ஒடித்தார். மூன்று தடவையும் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

பாலத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, பேசிய பணத்தை எண்ணி என் கையில் கொடுத்தார். நான் இன்னும் உள்ளே போக வேண்டும் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“இங்கயே எறங்கிக்கப்பா. உள்ள வந்தா வண்டி திருப்ப எடம் இருக்காது” என்றார்.

பதினோரு வருடமாக அந்தக் கார் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒடிப்பில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். கார் பின்வாங்கி, என் மேல் ஒருதடவை வெளிச்சத்தை அடித்துவிட்டு, ஊர்ப்பக்கம் போனது. பாலத்தின் அந்த முனையில் என் மனைவி செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எடது பக்கம் கல்லு கீது” என்றாள்.

நான் வலதுபக்கம் ஒதுங்கி நடந்தேன்.